எடுத்தா எடுத்ததுதான்

புதுச் சேலை வாங்கினால் ஓரத்தில் தொங்கும் விலைச்சீட்டை மட்டும் அறுத்துப்போடுகிறவள் இல்லை அவள். சீட்டைக் கோத்திருந்த நூலையும் உருவுவாள். நூல் போன ஓட்டையை நகத்தால் நீவி நீவி, அங்கே எதுவுமே குத்தியிருந்ததில்லை என்று சேலையே நம்பியபிறகுதான் உடுத்துவாள்.

ஆபீசுக்குப் புது நாற்காலிகள் வந்தன. பாலிதீன் உறை கிழியாமல் ரெண்டு வருஷமாவது ஓட்டிவிட வேண்டும் என்பது சாரின் ஆசை. மத்தியானம் அவர் சாப்பிட்டு வருவதற்குள் நாலு நாற்காலியும் தோலுரித்த கோழிபோல் நின்றன. அவர் வாசலில் நின்று பார்த்தார். இவள் தலையைத் திருப்பாமல், வேர்க்குது சார், என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எதைப் பார்த்தாலும் அவளுக்கு ஒரே கேள்விதான். இது யாருக்கு வேணும்? பேனா மூடியின் கிளிப், டிபன் பாக்ஸின் ரெண்டாவது அடுக்கு, கல்யாணப் பத்திரிகையின் உள் உறை, என் பேச்சு. நான் மழையைப் பற்றி ஏதாவது சொல்ல ஆரம்பித்தால், பெய்யுதா பெய்யலையா அத மட்டும் சொல்லுங்கண்ணே, என்பாள்.

தேனியில், பெரியகுளம் ரோட்டில், ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். மழைக்காலத்திலும் ரப்பர் வாடை படியேறி வரும். வரைபட வேலை. பெரிய ஊர்க் கம்பெனிகளிடமிருந்து கைமாறிக் கைமாறி எங்களிடம் வந்து விழும். தெருவிளக்கு எத்தனை, கிணறு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் வளைகிறது. நான் போனைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து நடந்து குறிக்கிறவன். அவள் உட்கார்ந்து சுத்தம் செய்கிறவள். சார் ரெண்டுக்கும் நடுவில் போன் பேசுகிறவர்.

தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டைத் திரையில் புள்ளியாக வைத்தால், அந்தப் புள்ளிக்குப் பின்னால் நீளமாக ஒரு அட்டவணை ஒளிந்திருக்கும். வீட்டு எண் ஒரு பத்தி, குடும்பத் தலைவர் பெயர் ஒரு பத்தி, கூரை என்ன, கதவு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தி. எங்கள் பாஷையில் அந்தப் பத்திக்கு ஃபீல்டு என்று பேர். புள்ளிகளும் அட்டவணையும் சேர்ந்தது ஒரு லேயர். கைமாறி வருகிற லேயர்களில் போனவன் வந்தவன் எல்லாம் ஆளுக்கொரு ஃபீல்டைச் சேர்த்திருப்பான். வேலைக்கு ஆகாத பத்திகள் ரயில்பெட்டிபோல் போய்க்கொண்டே இருக்கும். அவற்றை எடுப்பதுதான் முதல் வேலை.

அவள் வருவதற்கு முன்னால் அதை நான் கையால் செய்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு ஊரின் லேயரையும் திறந்து, ஒவ்வொரு ஃபீல்டாக அமுக்கி, அழிக்கவா என்று அது கேட்க, ஆம் என்று சொல்லி. சேர்ந்த ரெண்டாம் நாள் அவள் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"என்னண்ணே, பேன் எடுக்கிற மாதிரி ஒண்ணொண்ணா எடுத்துக்கிட்டு இருக்கீக. தள்ளுங்க, மொட்டை போட்டு விடுறேன். குடுமி எவ்வளவு வேணும்னு மட்டும் சொல்லுங்க."

மார்க்கையன்கோட்டையிலிருந்து தேனி வரும் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து, போனில் பார்த்துப் பார்த்துப் பைதான் என்கிற கம்ப்யூட்டர் பாஷையைக் கற்றவள் அவள். வாய்க்கால், நெல்வயல், வாழை, திரும்ப வாய்க்கால் என்று பள்ளத்தாக்கு முழுக்க ஜன்னலில் ஓடும். அவள் அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள். அந்தப் பாஷையில் பத்துப் பதினைந்து வரிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள். டீ வந்தது. டீ ஆறுவதற்குள் எழுபது ஊர்த் தெருவிளக்கும் தலையைச் சிரைத்துக்கொண்டு வரிசையில் நின்றன. எனக்கு மூன்று வாரம் ஆகியிருக்கும்.

அவளுடைய முறையில் ஒரு விசேஷம் உண்டு. எதை எடுக்க வேண்டும் என்று அவள் எழுத மாட்டாள். எதை வைக்க வேண்டும் என்று மட்டும்தான் எழுதுவாள். அந்தப் பட்டியலில் பேர் இல்லாத எல்லாம் போகும். எடுக்கிறதுக்கெல்லாம் எதுக்குண்ணே பேரு, போறவனைப் பேர் சொல்லியா அனுப்புவாக, என்பாள். இன்னொன்று, அவளுடைய ஸ்கிரிப்ட் ஒரு ஃபோல்டரில் நின்றுவிடாது. அதற்குள் இருக்கும் ஃபோல்டர், அதற்கும் உள்ளே இருப்பது என்று வீட்டின் கூடம், அடுப்படி, பரண் எல்லாம் புகுந்து வரும். முன்பொருமுறை பழைய நகல் ஒன்று தவறிப்போய் வாடிக்கையாளரிடம் போய்ச் சேர்ந்து, சார் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார். அதிலிருந்து அவள் பரணையும் விடுவதில்லை.

எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னால் என்ன ஆகும் என்று ஒருநாள் கேட்டேன். எடுக்காது என்றாள். எது எங்கே இருக்கிறது என்கிற இடமும், அதற்கு மென்பொருள் தானாகக் கொடுத்த நம்பரும் மட்டும் போகாது. அந்த ரெண்டில் கைவைத்தால் ஸ்கிரிப்ட் நின்றுவிடும். மத்தபடி பேரு, ஊரு, வயசு எல்லாம் போகும்ணே, இடமும் நம்பரும் மட்டும் கிடக்கும், என்றாள். எனக்கு அன்றைக்குத் தூக்கம் சரியில்லை. அவளிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான். கட்டப்பனைப் பக்கம் ஏலக்காய் வாங்கப் போய், அங்கேயே இன்னொரு வீடு வைத்துக்கொண்டான். அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ரேஷன் கார்டில் அவன் பேரை எடுக்க ஏழு தடவை தாலுகா ஆபீசுக்கு நடந்தாள் என்பது தெரியும். செத்த சான்றிதழ் கொண்டாம்மா, அப்பத்தான் எடுக்க முடியும், என்றாராம் அங்கே இருந்தவர். எனக்குச் செத்தாச்சு சார், உங்களுக்கு எப்பச் சாவாக, என்று இவள் கேட்டிருக்கிறாள். பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்த சிரிப்பில் அந்த ஆள் கையெழுத்துப் போட்டுவிட்டார். அந்தக் கார்டைக் கொண்டுவந்து எங்களிடம் காட்டினாள். பேர் போன இடத்தை விரலால் தடவிக்கொண்டே சொன்னாள், இங்கன ஏழு தடவை, அங்கன ஒரு வரி. அங்கன என்று அவள் கை காட்டியது கம்ப்யூட்டரை.

குச்சனூர்ப் பக்கத்து விவசாயக் கூலிப் பெண்களைக் கணக்கெடுத்த வேலை ஒன்று வந்தது. பேர், வீடு, போன் நம்பர். வேலை முடிந்து ஒப்படைக்கும்போது போன் நம்பர் ஃபீல்டு வேண்டாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. எடுத்துவிட்டாள். ஒரு வாரம் கழித்து அந்தக் கம்பெனியின் ஆள் ஒருவன் வந்தான். வாசனைத் தைலம் பூசிய ஆள். நம்பர் வைத்த நகல் ஒன்று வேண்டும் என்றான். இல்லை என்றாள். எப்படியும் ஒண்ணு ஒளிச்சு வச்சிருப்பீகல்ல மேடம், எல்லாரும் வச்சிருப்பாக, என்று இளித்தான்.

"எடுத்தா எடுத்ததுதான். ஒண்ணை ஒளிச்சு வச்சுக்கிட்டு எடுத்துட்டேன்னு சொன்னா அது திருட்டு."

சார் அவளைத் திட்டினார். வாடிக்கையாளரைப் பகைக்கலாமா என்று கேட்டார். ரெண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது, வேறொரு ஊரில் அப்படி வாங்கிய நம்பர்களை வைத்துக்கொண்டு அந்த ஆள் பெண்பிள்ளைகளுக்குப் போன் போட்டு வழிந்திருக்கிறான். ஊர்க்காரர்கள் பிடித்து உதைத்திருக்கிறார்கள். சார் அவளுக்கு ஒரு பார்சல் அல்வா வாங்கிவந்தார். அவள் அட்டைப்பெட்டியை எடுத்து, மேல் காகிதத்தை எடுத்து, முந்திரியை எல்லாம் பொறுக்கி எனக்குக் கொடுத்துவிட்டுச் சாப்பிட்டாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் இருந்தது பக்தி. அதற்குக் குறைந்த வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

அப்புறம்தான் மலை வந்தது.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்குப் போகிற ரோட்டில், ஜீப் எலும்பை எண்ணிக்காட்டும் வளைவுகளைத் தாண்டி, ஒரு எஸ்டேட். அதன் கீழ்க்கோடியில் நாற்பத்து மூன்று லைன் வீடுகள். கொழுந்து கிள்ளியும் ஏலக்காய் பறித்தும் ஓய்ந்தவர்களும், ஓயாதவர்களும் அங்கே இருந்தார்கள். எஸ்டேட் கைமாறியது. புது முதலாளிக்கு அந்த இடத்தில் வெளியூர்க்காரர்கள் வந்து தங்க விடுதி கட்ட வேண்டும். காலி செய்கிறவர்களில் இருபது வருஷத்துக்கு மேல் அங்கே குடியிருந்தவர்களுக்குக் கீழே வீட்டுமனை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். யார் எத்தனை வருஷம் என்று கணக்கெடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது.

வேறு காகிதம் அவர்களிடம் கிடையாது. எல்லாரும் கடைசிவரை தற்காலிகக் கூலிகள். ரேஷன் கார்டு கீழே பிறந்த ஊரில். பழைய நிர்வாகத்தின் பேரேடுகள் கைமாறும்போதே காணாமல் போய்விட்டன. மிச்சமிருந்தது அவர்களுடைய வாய் ஒன்றுதான். அதைக் கேட்டு நான் எழுதவும், பழைய எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர் ஒருவர் கூடவே இருந்து, ஆமா சரிதான் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒப்புக்கொள்ளவும் ஏற்பாடு.

நாலு நாள் ஏறி இறங்கினேன். வருஷத்தை வருஷமாகச் சொல்ல அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர், வெள்ளைக்கார நாய் வளர்த்த மானேஜர் போன மறுமழைக்கு வந்தோம் என்றார். இன்னொருத்தி, பாலம் அடிச்சுக்கிட்டுப் போன அந்த ஐப்பசி என்றாள். ரைட்டரும் நானும் வாசல்படியில் உட்கார்ந்து, மானேஜரையும் பாலத்தையும் விரல்விட்டு எண்ணி, ஆண்டாக மாற்றிப் போனில் குத்துவோம். கோடிவீட்டில் ஒரு ஆத்தா இருந்தாள். இலை கிள்ளிக் கிள்ளி விரல்நுனி கறுத்தவள். எங்களை உட்காரவைத்துக் கட்டன்சாயா கொடுத்துவிட்டு, எழுதிக்கிட்டுப் போறது சரிய்யா, தொலைச்சுப்புட மாட்டீகளே, என்று கேட்டாள். கம்ப்யூட்டர்ல ஏறிட்டா தொலையாது ஆத்தா, என்றேன் நான்.

நாற்பத்து மூன்றில் முப்பத்தெட்டு வீடு இருபது வருஷத்தைத் தாண்டியிருந்தது. அப்படி இருக்கும் என்று முதலாளி நினைத்திருக்க மாட்டார்.

அது ஒரு சனிக்கிழமை. சாருக்கு ஏழரை நடந்துகொண்டிருந்தது. சனிக்கிழமை தவறாமல் குச்சனூர் போய் எள்தீபம் போட்டுவிட்டுத்தான் ஆபீசுக்கு வருவார். நெற்றியில் விபூதியோடு வந்தவர் ஒரு தாளை நீட்டினார். எஸ்டேட் அனுப்பிய கடிதம். இறுதி லேயரில் கீழ்க்கண்ட விவரங்கள் வேண்டும் என்று இருந்தது. வீட்டு எண், பரப்பளவு, கூரை வகை, மின்சாரம் உண்டா இல்லையா. அவ்வளவுதான். கீழே கையெழுத்து.

வருஷத்தை எடு என்று அந்தத் தாளில் எவனும் எழுதியிருக்கவில்லை. பேரை எடு என்றும் எழுதவில்லை. வைக்க வேண்டியதை மட்டும் எழுதியிருந்தான். அவளுடைய முறையை அவளுக்கே யாரோ திருப்பி அனுப்பியதுபோல் இருந்தது.

நம்ம ஆபீசுல எங்கனயும் வேற ஒண்ணும் இருக்கக் கூடாதாம்மா, போன்ல சொன்னாக, என்றார் சார். விபூதி அவர் மூக்கில் உதிர்ந்தது. இந்த வேலை கையைவிட்டுப் போனால் டயர் கடைக்காரனுக்கு வாடகை சொல்ல முடியாது என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு போனில் பேசப் போய்விட்டார்.

அவள் தாளை ரெண்டு தடவை படித்தாள். ஸ்கிரிப்டைத் திறந்தாள். நாலு ஃபீல்டின் பேரை எழுதினாள். எழுதிவிட்டு ஓட்டவில்லை. நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவள் வேலை நடுவில் திரும்பி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"அண்ணே, நடந்து எழுதுனது நீங்க. எடுக்கவா?"

என் போனில் ஒன்றும் கிடையாது. மேலே ஏற்றியதும் போனில் இருப்பது அழிந்துவிடும், அதுதான் ஏற்பாடு. இருந்தது அந்த ஆபீசின் ஒரு கம்ப்யூட்டரில், மூன்று ஃபோல்டர்களில். அவள் கேட்டது எனக்கு நன்றாகவே புரிந்தது. வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் அவள் எழுந்து சாரிடம் போயிருப்பாள். எனக்கு அப்போது பசி. சனிக்கிழமை அரைநாள். பஸ் இருந்தது.

சாரே சொல்லிட்டாரு, நமக்கென்னத்தா, எடு, என்றேன்.

ஒருவேளை எங்காவது ஒரு நகல் வைத்துக்கொள்வாள் என்று உள்ளுக்குள் நினைத்தேன். இத்தனை கெட்டிக்காரி வைக்காமலா இருப்பாள். அவளை அத்தனை நாள் பார்த்தும் அப்படி நினைத்தேன். வாசனைத் தைலக்காரனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று இப்போது யோசித்தால், தைலம் மட்டும்தான்.

அவள் திரும்பிக்கொண்டாள். ஒரு விசை. கூடம், அடுப்படி, பரண். திரையில் ஃபோல்டர் பேர்கள் மேலே ஓடி நின்றன. சத்தம்கூட இல்லை.

மூன்று மாதம் கழித்து, கோடிவீட்டு ஆத்தா டயர் கடைப் படியேறி வந்தாள். கூட ரெண்டு பெண்கள். ஒரு மஞ்சள் பையில் எஸ்டேட் கொடுத்த நோட்டீஸ். குடியிருந்த வருஷத்துக்கு ஆதாரம் இல்லாததால் மனை கிடையாது, பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும் என்று இருந்தது. ஆத்தா என்னைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில், இந்தா இருக்காரு பாருங்கடி, இவர்தான் எழுதுனாரு, என்று கூட வந்தவர்களிடம் காட்டினாள். நான் அவர்களை உட்காரவைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். கவலைப்படாதீக, இங்கன இருக்கும், எடுத்துத் தருவாக, என்று வாக்கும் கொடுத்தேன்.

அவள் பக்கம் போய்க் குனிந்து, எங்கன வச்சிருக்க, என்று மெதுவாகக் கேட்டேன்.

எதை, என்றாள்.

வருஷத்தை.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். கோபம் இல்லை. நான் யாரென்று முதல்தடவையாகத் தெரிந்துகொள்வதுபோல் ஒரு பார்வை. இல்லண்ணே, எடுத்துட்டேன், என்றாள். ஆத்தாவிடமும் அதையேதான் போய்ச் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, மேலிடம் என்று சொல்லவில்லை, மெஷின் கோளாறு என்று சொல்லவில்லை. சார் உள்ளே இருந்து கையைக் காட்டிக் காட்டி ஏதோ சொன்னார். அவள் காதில் வாங்கவில்லை. அழிந்ததை மீட்டுத்தரும் கடைக்கு அந்தக் கம்ப்யூட்டரின் நெஞ்சாங்குலையான ஹார்டு டிஸ்கைக் கழற்றி அன்றைக்கே மதுரைக்குக் கொண்டுபோனாள். மூன்று மாதத்தில் அதன்மேல் ஆயிரம் எழுதியாகிவிட்டது, ஒன்றும் தேறாது என்று சொல்லி அனுப்பினார்கள். ரைட்டரைத் தேடினோம். மகளோடு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார், ஞாபகமெல்லாம் போய்விட்டது என்றார்கள். நான் வீட்டில் என் குறிப்பேட்டைத் தேடினேன். அந்த நாலு நாளும் எழுதியிருந்தேன். மூடுபனி தேயிலைமேல் இறங்குவதைப் பற்றி நாலு பக்கம் இருந்தது. ஒரு ஆண்டு இல்லை.

மலைக்காரர்கள் மனுக் கொடுத்ததில், சின்னமனூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தாலுகா அதிகாரி ஒருவர் விசாரணை வைத்தார். மலைக்காரர்கள் சாப்பாட்டுப் பந்தியின் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எஸ்டேட் தரப்பில் வந்தவர், இவர்கள் சொல்கிற வருஷத்துக்கு ஒரு எழுத்தும் இல்லை என்றார். கணக்கெடுத்த லேயரைப் பெரிய திரையில் காட்டினார். நாற்பத்து மூன்று கட்டம். கூரை தகரம், கூரை தகரம், கூரை தகரம்.

அவளை யாரும் கூப்பிடவில்லை. அவளே எழுந்து போனாள். அதில் குடியிருந்த வருஷமும் இருந்தது, நான்தான் எடுத்தேன் என்றாள். யார் எடுக்கச் சொன்னது என்று அதிகாரி கேட்டார். அவள் தாளை நீட்டினாள். அவர் படித்துவிட்டு, இதில் எடு என்று எங்கே இருக்கிறது, எஸ்டேட்காரர்கள் தங்களுக்கு வேண்டியதைத்தானே கேட்டிருக்கிறார்கள், என்றார். ஆமா, என்றாள். சரி, எந்த வீட்டுக்கு எந்த வருஷம் என்றாவது தெரியுமா என்றார்.

"தெரியாது சார். எடுக்கிறதை நான் படிக்கிறதில்ல."

பெஞ்சில் யாரோ காறித் துப்பினார்கள். அதிகாரி கெட்ட மனுஷன் இல்லை. வேறு யாராவது இதில் இருந்தார்களா, கேட்டார்களா, பார்த்தார்களா என்று விடாமல் விசாரித்தார். நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். இல்ல சார், நான் மட்டுந்தான், என்றாள். ஒளித்துவைத்துப் பேசத் தெரியாதவள் அன்றைக்கு என்னை எடுத்தாள், நூலையும் சேர்த்து உருவி. நான் எழுந்திருக்கவில்லை. எழுந்து சொல்லியிருந்தால் முப்பத்தெட்டு மனை வந்துவிடப் போவதில்லை என்று இன்றைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஆனாலும் எழுந்திருக்கலாம்.

இருக்கிற எழுத்தை வைத்துத்தான் முடிவு என்றார்கள். மறுபடி எழுதி, ஊர்க்காரர் நாலு பேர் சாட்சியோடு கொண்டுவந்தால் பார்க்கலாம், ஒரு வாரம் தருகிறேன் என்று அதிகாரி கடைசியில் ஒரு இடுக்கு விட்டார்.

மறுநாளே மலை ஏறினாள். நானும் போனேன், கூப்பிடாமல். ஜீப்பில் அவள் போனில் எதையும் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு பள்ளத்தாக்கு கீழே விரிந்தது, வயலும் வாழையும் தென்னையுமாக. முதல்தடவையாக அவள் அதைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அழகாயிருக்கு என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கொஞ்சம் வெட்கம் மிச்சம் இருந்தது.

போனில் புதிதாக ஒரு ஃபீல்டைச் சேர்த்திருந்தாள். நாற்பத்து மூன்று வரிசைக்கும் காலிக் கட்டம். முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ரெண்டாம் வீட்டில், ஒருதடவை சொன்னோம்ல, என்றார்கள். அடுத்த வீட்டுக்காரர், சாட்சிக் கையெழுத்துப் போட்டால் சாமான் கொண்டுபோகக் கொடுக்கிற வண்டிச் சத்தக் காசையும் நிறுத்திவிடுவதாக எஸ்டேட் ஆள் வந்து சொல்லிப்போனதாகச் சொன்னார். சொல்லிவிட்டுக் கோழியைப் பிடித்துக் கூடையில் அமுக்கினார். பாதி வீடு ஏற்கனவே பூட்டு. பூட்டிய வீட்டையும் அவள் தட்டினாள். ஒவ்வொன்றிலும் நின்று, கேட்டு, அடுத்ததற்கு நடந்தாள். அவள் இவ்வளவு பொறுமையாக ஒரு வேலையை ஒவ்வொன்றாகச் செய்து நான் பார்த்ததில்லை.

கோடிவீட்டு ஆத்தா சாமான்களை வாசலில் எடுத்து வைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் கத்துவாள் என்று நினைத்தேன். உட்காரச் சொன்னாள்.

"எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான் தாயி. நெஞ்சுக்குள்ள இருந்துச்சு. உங்ககிட்டக் குடுத்தோம். குடுத்தப்புறம் நாங்க எதுக்கு அதை நெஞ்சுக்குள்ள வச்சிருக்கணும்னு விட்டுட்டோம். இப்ப மறுபடி சொன்னா மட்டும் நீ என்ன செய்வ?"

பத்திரமா வைப்பேன் ஆத்தா, என்றாள் இவள். அந்த வாக்கியம் அவள் வாயில் சரியாக உட்காரவில்லை. ஆத்தா சிரித்தாள். எடுத்தவ நான்தான்னு நேத்து மண்டபத்துல நீயே சொன்னியே, என்றாள். ஏளனம் இல்லாமல், ஒரு சங்கதியைச் சொல்வதுபோல். அப்புறம் எழுந்து கட்டிலைப் பிரிக்கப் போய்விட்டாள்.

நாங்கள் ரோட்டோரக் கல்லில் வந்து உட்கார்ந்தோம். அவள் போனைத் திறந்து முதல் வரிசையில் கட்டைவிரலை வைத்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஒண்ணாச்சும் ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு வீடு."

இருந்தது. ஆத்தாவுடையது. கடைசிப் பையன் வயித்துல இருக்கையில வந்தோம் என்று சொன்னாள். பையனுக்கு இப்போது என்ன வயசு என்று நானும் ரைட்டரும் கேட்டோம். அவள் சொன்னாள். கழித்துப் பார்த்து ஆண்டை எழுதினேன். வயித்துல இருக்கையில என்றபோது அவள் கை வயிற்றுக்குப் போனது ஞாபகம் இருக்கிறது. அந்த வயசு ஞாபகம் இல்லை.

அதைச் சொன்னேன். அவள் கட்டைவிரலை எடுக்கவில்லை. திரும்பி, லைன் வீட்டின் பக்கம் பார்த்தாள். ஓடிப்போய் அந்தப் பையனுக்கு என்ன வயசு என்று கேட்கலாம். ஒரே ஒரு கேள்விதான். கேட்டால் ஆத்தா சொல்லக்கூடச் சொல்லலாம்.

ரெண்டு பேருமே எழுந்திருக்கவில்லை. ஜீப்பின்மேல் ஆத்தாவுடைய கட்டிலின் நாலு கால்களையும் தனித்தனியாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.